முடி என்று நினைத்த கோடு

ஜூலை 4

சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறிய ஆவலும் இல்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து உங்களை ‘நீ, வா, போ’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’. மரியாதை கூடிவிட்டது என்று பூரித்துப் போக வேண்டாம். கோபம் தெரியட்டும் என்றுதான்.

இன்று பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஒரு போஸ்டரை விரித்து, நாலு மூலையிலும் பேப்பர்வெயிட் வைத்திருந்தார். இயற்கைப் பாதுகாப்பு பற்றிய மாணவர் ஓவிய, எழுத்துப் போட்டியில் எனக்கு முதல் பரிசாம். எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சடித்து அனுப்பப் போகிற போஸ்டரின் மாதிரியாம் அது.

குனிந்து பார்த்தேன். என் கொக்குதான். ஆனால் அதன் மேல் இருந்த நைலான் தூண்டில் நரம்பைக் காணோம். கழுத்தில் ஆரம்பித்து, இறக்கையை அறுத்துக்கொண்டு இறங்கி, காலைச் சுற்றிச் சுற்றி இழுத்த நரம்பு. அந்த ஒரு கோட்டுக்காகத்தான் அந்தப் படத்தையே வரைந்தேன். அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? இறக்கையை விரித்து, ஒரு காலைத் தூக்கி, கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு கொக்கு. அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘ஆனந்த நடனம்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். நான் வைத்த தலைப்பு ‘ஞாயிற்றுக்கிழமை’.

"டான்ஸ் ஆடுற மாதிரியே இருக்கும்மா, எப்படித்தான் பிடிச்சியோ" என்றார் ஹெச்.எம். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

படத்தோடு ஒரு பக்கம் எழுதியும் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். அதற்குப் பரிசு இல்லை. நடுவர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ‘எழுத்து நன்று. ஆனால் ஓவியத்தின் உற்சாகத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை.’

யார் செய்த வேலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. போன மாதம் அம்மா ஹாஸ்டலுக்கு வந்தபோது சொன்னாள், போட்டிப் படங்கள் எல்லாம் சித்தியின் அச்சகத்துக்குத்தான் வருகின்றன, உன் படத்தை வேறு யாரையும் தொடவிடாமல் அவளே உட்கார்ந்து சுத்தம் பண்ணினாளாம் என்று. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஹாஸ்டலில் போன் கிடையாது. நல்லதாய்ப் போயிற்று. இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

உங்கள் அக்காவின் மகள்


ஜூலை 10

என் வாலுக்கு,

உன் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் பிரித்தது தப்பு. ‘நீங்கள்’ என்று பார்த்ததுமே என் முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரி வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் வேண்டுமென்று எதையும் அழிக்கவில்லை. மூலப் படங்கள் கை மாறிக் கசங்கிவிடும் என்று, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, தூசி, கறை, மடிப்பு நீக்கி, நடுவர்களுக்குப் புத்தகமாகக் கட்டி அனுப்பச் சொன்னது போட்டிக் குழு. அவர்கள் பார்த்துப் பரிசு கொடுத்ததும் அந்தப் புத்தகத்தைத்தான். நான் செய்வது டச்சிங் வேலை. ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு முடி விழுந்தால் படத்தில் எப்படி வரும் தெரியுமா? மெல்லிசாக, வளைந்து, எதிலும் ஒட்டாமல் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். உன் கோடு அச்சு அசல் அப்படி இருந்தது. அதைக் கண்டால் எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேறு யார் படமாக இருந்தாலும் அவசரத்தில் ஒன்றிரண்டு முடி தப்பியிருக்கும். உன் படம் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கோடு போன இடத்தில் இறகு இறகாகச் சேர்த்து மூடினேன். நீயே போஸ்டரை எடுத்துப் பார், எங்கே எடுத்தேன் என்று தெரிகிறதா?

நீ எழுதியதை நான் படிக்கவில்லைதான். எழுத்துத் தாள்கள் தனி உறையில் நேரே நடுவர்களுக்குப் போயின. படிப்பது என் வேலையும் இல்லை. தலைப்பை மாற்றியது நான் இல்லை, குழு. கொக்குப் படத்துக்கு யாராவது ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று தலைப்பு வைப்பார்களா? வரைந்த நாளைக் குறித்திருக்கிறாய் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது குட்டையைக் குழப்பாதே. முதல் பரிசு என்பது வெறும் கோப்பை இல்லை, அடுத்த வருஷம் ஓவியக் கல்லூரியில் செலவில்லாமல் ஒரு இடம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டி வேலையில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதிகளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. உன் உறையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீயும் திறக்காதே.

சித்தி


ஜூலை 15

சித்தி,

‘நீங்கள்’ எழுதிக் கை வலிக்கிறது. திட்டுவதற்கு ‘நீ’தான் வசதி.

"எங்கே எடுத்தேன் என்று தெரிகிறதா" என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பதில் எழுத வேண்டுமே என்று பொறுக்கி ஒட்டினேன். ஒட்டின இடமெல்லாம் பல்லைக் காட்டுகிறது. எனக்கு உன் கைத்திறமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று சொல்கிறேன். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஏரி. ஞாயிறு தோறும் ஆண்கள் வந்து தூண்டில் போடுவார்கள். பிழைப்புக்கு இல்லை, பொழுது போவதற்கு. மடக்கு நாற்காலி, தொப்பி, பாட்டு எல்லாம் கூடவே வரும். நரம்பு சிக்கிக்கொண்டால் பிரிக்கப் பொறுமை இருக்காது. பல்லால் கடித்துக் கரையில் எறிந்துவிட்டுப் புது நரம்பு கட்டுவார்கள். திங்கட்கிழமை அவர்கள் இருக்க மாட்டார்கள், நரம்பு இருக்கும்.

ஒரு ஞாயிறு நானும் என் அறைத் தோழியும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கரையில் ஒரு கொக்கு எகிறி எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? ஆடுகிறது என்று நினைத்தோம். சிரித்தோம் சித்தி. அவள் கை தட்டித் தாளம்கூடப் போட்டாள்.

கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. துண்டைப் போட்டுப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை, விரலை வைத்துத் தடவித்தான் கண்டுபிடித்தோம். ஒரு பக்கம் தளர்த்தினால் இன்னொரு பக்கம் இறுகியது. என் விரலையும் அறுத்தது. கொக்கு என்னைக் கொத்தக்கூட இல்லை. மடியிலேயே செத்துப் போனது.

அதைத்தான் வரைந்தேன். அதைத்தான் எழுதினேன். நீ அதை எடுத்து, இறகு இறகாக மூடிவிட்டாய், அதன் தலையில் ‘ஆனந்த நடனம்’ என்று கட்டிவிட்டிருக்கிறீர்கள் எல்லோருமாகச் சேர்ந்து. கொன்றவன் கையைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் போஸ்டர் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தொங்கினால், எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சிரிக்கும். நாங்கள் சிரித்த மாதிரியே.

குழுவிடம் சொல்லு. நான் வரைந்தபடி அச்சடிக்கச் சொல்லு. இல்லையென்றால் நானே எழுதுவேன்.


ஜூலை 21

வாயாடிக்கு,

கொக்குக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் கொன்றவன் கையைக் கழுவினேன் என்று எழுதினாயே, அது ரொம்ப அதிகம். தூக்கி வளர்த்த சித்தியிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்க மாட்டேன். யாரிடமும் இப்படிப் பேசக் கூடாது.

என் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அது வெளியே தெரிந்தால் தப்பு, தெரியாமல் இருந்தால்தான் சரி. இந்த வேலையில் இருப்பவளை யாராவது பாராட்டிக் கேட்டிருக்கிறாயா? கல்யாணப் பெண்ணின் பருவை எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத்தான் புகழ்வார்கள். உன் படத்துக்கு முதல் பரிசு என்று கேட்டபோது, நானும் எதையோ ஜெயித்த மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் நீ ஒரே கடிதத்தில் காலால் மிதித்தாய்.

உன் அம்மாவை நினைத்தாயா? தையல்கடை, மருந்துக்கடை, பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். நேற்று ராங் நம்பரில் வந்தவனிடமும் சொல்லியிருக்கிறாள், அவனும் வாழ்த்திவிட்டு வைத்தானாம். உன்னைக் கல்லூரியில் சேர்க்க அவள் கையில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ குழுவுக்கு எழுதினால் விசாரிப்பார்கள். விசாரித்தால் நான் உனக்கு யார் என்பது வெளியே வரும். உனக்கு இடம் போகும், எனக்கு வேலை போகும், செத்த கொக்கு எழுந்து வராது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறேன் என்கிறாய்.

கடைசியாக ஒன்று. அது அவ்வளவு முக்கியமான கோடு என்றால் ஏன் அவ்வளவு மெல்லிசாக வரைந்தாய்? கொஞ்சம் தடிமனாகப் போட்டிருந்தால் எந்த மடச்சியும் அதில் கைவைத்திருக்க மாட்டாள். தப்பில் பாதி உன்னுடையது. யோசித்துப் பார்.

சித்தி


ஜூலை 25

சித்தி,

தடிமனாக இருந்திருந்தால் கொக்குக்கும் தெரிந்திருக்கும்.

குழுவுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தபாலில் போடுவேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் நல்லது.


ஆகஸ்ட் 8

வாலுக்கு,

உன் கடிதத்தைத் தபாலில் போட்டாயா என்று தெரியவில்லை. போட்டிருந்தால் தபால்தலை வீண்.

உன் ஒற்றை வரியைப் படித்த அன்று போஸ்டர் அச்சுக்குப் போக வேண்டிய நாள். போட்டிப் படங்களின் கட்டைப் பிரித்து உன் மூலப் படத்தைத் தேடி எடுத்தேன். அதை முதல்முறை ஸ்கேனரில் வைத்தபோது தாளைப் பார்த்தேனே ஒழிய, படத்தைப் பார்க்கவில்லை. இந்த முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோட்டை நகத்தால் நெருடினேன். முடியாக இருந்தால் நகர்ந்திருக்கும். அதை ஜூன் மாதமே செய்திருக்கலாம்.

மறுபடி ஸ்கேன் எடுத்தேன். ஒரு தூசியைக்கூடத் தொடவில்லை. ‘ஆனந்த நடன’த்தைத் தூக்கிவிட்டு ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று போட்டு, யாரையும் கேட்காமல் அச்சு பிளேட் எடுக்க அனுப்பினேன்.

எங்கள் மிஷின்காரருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பாது. முதல் தாளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு உருளையைத் துடைத்தார். மறுபடி ஓட்டினார், மறுபடி நிறுத்தினார், பிளேட்டைத் துடைத்தார். அப்புறம் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "மேடம், முடி ஒண்ணு விழுந்து கெடக்கு. எவ்ளோ தொடச்சாலும் போக மாட்டேங்குது."

"அது முடி இல்ல, தூண்டில் நரம்பு. ஓட்டுங்க" என்றேன்.

விளக்குக்குக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். போய் ஓட்டினார். அன்று சாயங்காலமே லாரி ஏற்றி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியாயிற்று.

அதற்கப்புறம்தான் முதலாளி பார்த்தார். குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். "வரைஞ்சவளக் கேட்டு" என்றேன். அவளை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "என் அக்கா பொண்ணு" என்றேன். அதே அறையில் உன் பரிசு போனது, என் வேலையும் போனது. திரும்ப அச்சடிக்கச் செலவு செய்ய அவர்களுக்கு மனமில்லை, அதனால் போஸ்டர் மட்டும் தப்பியது. முதல் பரிசு இப்போது கண்ணீர் விடும் பூமி உருண்டைக்கு. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை வரைகிற அதே உருண்டைதான்.

உனக்காகச் செய்தேன் என்று உருகாதே. உன் வரியைப் படித்த பிறகு எந்தப் படத்தில் எதைத் துடைக்கப் போனாலும் கை நிற்கிறது. இது முடிதானா, இல்லை யாருடைய உயிரோ என்று. அப்படி நிற்கிற கையை வைத்துக்கொண்டு டச்சிங் வேலை செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கெடுத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, லேசில் போகாது.

உன் அம்மா போனில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "ரெண்டு பேரும் சேந்து என்னத் தெருவுல தல காட்ட முடியாமப் பண்ணிட்டீங்க." வைத்துவிட்டாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சித்தி


ஆகஸ்ட் 31

சித்தி,

கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை தபால் பெட்டி வரைக்கும் போனேன். அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது, திரும்பி வந்துவிட்டேன். ஆக, கல்லூரி இடம் போனதற்குக் காரணம் நீ, நான் இல்லை. நான் செய்யச் சொன்னதையே நீ செய்தாய், எனக்கே துணிச்சல் வராதபோது. அதற்கும் உன்மேல் கோபம்தான். இதில் நியாயம் இல்லை என்று தெரியும்.

இடம் போனது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று வீம்புக்குச் சொல்ல மாட்டேன். பூமி உருண்டைக்காரி கல்லூரிக்குப் போவாள். பேப்பரில் பார்த்தேன், அந்த வட்டத்தைக்கூட அவள் காம்பஸ் வைத்துத்தான் போட்டிருக்கிறாள்.

போஸ்டர் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒட்டியிருக்கிறார்கள். முதலில் ஹெச்.எம். கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை என்றதும் நனைத்துத் துடைத்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எச்சில் தொட்டுத் தேய்க்கிறார்கள். அந்த இடத்தில் தாள் நூல் நூலாக எழும்பிவிட்டது. எல்லோரும் முதலில் துடைக்கத்தான் பார்க்கிறார்கள். போகாதபோது கிட்டே குனிகிறார்கள். கோடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே காலுக்கு வருகிறார்கள். அங்கே வந்ததும் சிலர் கையைச் சட்டென்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர்கூட இன்னும் சிரிக்கவில்லை.

இன்று ஞாயிறு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா அவளைப் பார்க்க வந்தார். தோளில் தூண்டில் பை. மகளைப் பார்க்கிற சாக்கில் ஏரிக்கும் வருகிறவர். போஸ்டர் முன்னால் நின்று நகத்தால் சுண்டினார். குனிந்து பார்த்தார். நான் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தேன். "யாரும்மா வரைஞ்சது?" என்றார்.

"நான்தான்."

"நல்லா இருக்கு. முடி விழுந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன்." சொல்லிவிட்டு நேரே ஏரிக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். அவர் நாற்காலியைப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். என்னம்மா என்றார். சும்மா என்றேன். வெகுநேரம் கழித்து நரம்பு சிக்கியது. பல்லால் கடித்தார். எறியக் கையை ஓங்கியவர் என்னைப் பார்த்தார். ஓங்கின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குள் எதிர்க்கரையில் இன்னொருவர் கடித்து எறிந்ததைப் பார்த்தேன். ஓடிப் போய்த் தேடினேன். மண்டியிட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. இருட்டுகிறது உள்ளே வா என்று வார்டன் கத்தினார். அது இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. நாளைக் காலையில் கொக்குகள் இறங்கும்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் பார்க்க வரும் நாள். அம்மா வரமாட்டாளாம். நீ வா. சமாதானம் பேசக் கூப்பிடவில்லை. திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருக்கிறேன், உனக்கும் என்னைத் திட்ட இருக்கும். கரையில் நடந்துகொண்டே திட்டிக்கொள்ளலாம். புல்லில் கிடந்தால் அந்த நரம்பு என் கண்ணுக்குத் தெரிவதில்லை. உன் கண்ணுக்குத் தெரியும்.

வாலு